‘ஒரு மாதிரி இருக்கு’ என்கிற குழந்தைக்கு எந்தச் சொல்லைக் கொடுப்பது?

கேட்டிருப்பது இது. ஐந்து வயது மகள். எது நடந்தாலும் "பிடிக்கல, போ" என்கிறாள், இல்லாவிட்டால் கையில் இருப்பதைத் தூக்கி எறிகிறாள். அபூர்வமாக "ஒரு மாதிரி இருக்கு" என்பாள். உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள் என்று யாரோ சொன்னதால், அம்மா 24 முகங்கள் வரைந்த அட்டை ஒன்றைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஒரே வாரத்தில் அத்தனை பெயரும் மகளுக்கு மனப்பாடம். ஆனால் கோபம் வந்தால் இன்றைக்கும் பொருள்தான் பறக்கிறது. எங்கே தவறு, எந்தச் சொல்லை எந்த வயதில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

மகள் 24 பெயர்களையும் ஒப்பிக்கிறாள் என்றால் அவளுடைய ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. வரைந்த முகத்தைப் பார்த்து ‘கோபம்’ என்று சொல்வது ஒரு வேலை. தனக்குள் ஏதோ கிளம்பும்போது ‘ஓ, இதுதான் அந்தக் கோபம்’ என்று கண்டுகொள்வது முற்றிலும் வேறு வேலை. ‘சிவப்பு’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுப்பது சுலபம். பந்து இருவர் கண் முன்னாலும் இருக்கிறது, விரலை நீட்டிக் காட்டிவிடலாம். ஏமாற்றத்தை எங்கே விரல் நீட்டிக் காட்டுவது? அது அவளுக்குள் நடக்கிறது. சொல் உங்களிடம் இருக்கிறது, அதன் பொருள் அவளிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சந்தித்தால்தான் அந்தச் சொல் அவளுடையதாகும். அரை மணி நேரம் அடுக்கிக் கட்டிய பொம்மைக் கோபுரம் சரிந்து விழுகிறதே, அந்த மாதிரிப் பொழுதை ஒட்டித்தான் அது நடக்கும்.

நான் பல வருடங்களாகச் சின்னக் குழந்தைகளோடு வேலை செய்கிறவன். வேர் பிடித்த சொற்கள் எல்லாமே அன்றாடப் பேச்சில் போகிற போக்கில் விழுந்தவையாகத்தான் இருந்திருக்கின்றன. ஆய்வுகளும் இதையேதான் சொல்கின்றன. 1991-இல் ஜூடி டன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், 3 வயதில் வீட்டில் உணர்வுகளைப் பற்றிய பேச்சை அதிகம் கேட்டும் பேசியும் வளர்ந்த குழந்தைகள், 6 வயதில் மற்றவர் என்ன உணர்கிறார் என்பதை நன்றாக ஊகித்தார்கள். அந்த வீடுகளில் மொத்தப் பேச்சே அதிகம், அதனால்தான் என்று தள்ளிவிட முடியவில்லை. குழந்தையின் பேச்சுத் திறமையைக் கழித்துப் பார்த்தாலும் அந்தத் தொடர்பு நின்றது. உணர்வைப் பற்றிப் பேசியதுதான் கணக்கில் வந்தது.

சரி, எப்படிப் பேசுவது? பெயரை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். உடம்பில் என்ன நடக்கிறது, எதனால் வந்தது, அதற்கு என்ன பெயர் என்ற மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். "இவ்வளவு நேரம் கட்டின கோபுரம் விழுந்துடுச்சு. கையை இறுக்கி மூடியிருக்கே பாரு. கோபமா வருதா, அழுகையா வருதா?" இவ்வளவுதான். இதில் பாடம் எதுவும் இல்லை. ஆனால் மூடிய கை, விழுந்த கோபுரம், கோபம் என்ற சொல் மூன்றும் அவளுக்குள் ஒரே முடிச்சாக விழுகின்றன.

இந்த முடிச்சு நம் மொழிக்கு மிகப் பழையது. உணர்ச்சிக்குத் தொல்காப்பியம் வைத்திருக்கும் பெயரே மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் படுவதுதான் மெய்ப்பாடு. நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (சந்தோஷம்) என்று எட்டைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் அது சேர்த்தே சொல்கிறது. பெருமிதம் கல்வியாலும் துணிச்சலாலும் புகழாலும் கொடையாலும் வருமாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இதே வரிசைதான் பொருந்துகிறது. அதோடு, அந்த எட்டில் சந்தோஷத்துக்கும் வியப்புக்கும் பெருமைக்கும் கிடைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். கடைகளில் விற்கும் பல அட்டைகளில் அழுகையும் கோபமும்தான் நிறைந்திருக்கின்றன. நிம்மதி, ஆவல், பெருமிதம், குறுகுறுப்பு, நெகிழ்ச்சி எல்லாம் குழந்தை எப்போது கற்கும்? உணர்வைப் பற்றிய பேச்சு அழும்போது மட்டும்தான் வரும் என்று பழகிவிட்டால், அந்தப் பேச்சே அதற்கு ஒரு கெட்ட சகுனம் ஆகிவிடும். தேடிய பொம்மை கிடைத்ததும் "அப்பாடா, இப்பத்தான் நிம்மதியா இருக்கு, இல்ல?" என்று சொல்லிப் பாருங்கள். மூச்சை விட்டுக்கொண்டு சிரிக்கும்.

பயம் பல குழந்தைகளுக்கு வயிற்றில்தான் தெரியும். "வயிறு வலிக்குது" என்று காலையில் சொல்கிற குழந்தை பல நேரம் பொய் சொல்வதில்லை. அதற்கு நிஜமாகவே வயிறு பிசைகிறது. அதற்குத் தெரிந்த ஒரே சொல் ‘வலி’. "வயித்தைப் பிசையுற மாதிரி இருக்கா? புது இடத்துக்குப் போறோம்னா எனக்கும் அப்படித்தான் இருக்கும். அது பயமா இருக்கலாம்" என்று சொன்னால் ‘வலி’ என்ற சொல்லுக்குள் அடைந்து கிடந்த பயம் தனியாகப் பிரியும். நெஞ்சு படபடப்பது, தொண்டை அடைப்பது, மனசு பாரமாக இருப்பது, உடம்பு கூசுவது என்று நம் பேச்சுத் தமிழில் உடம்பைச் சார்ந்த சொற்கள் ஏராளம். பெயர்ச்சொற்களைத் தேடுவதற்கு முன்னால் இவற்றைப் புழங்கவிடுங்கள். வலி தொடர்ந்து வந்தால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம்.

தமிழில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, உணர்ச்சி நம்மிடம் ‘வருகிறது’. எனக்குக் கோபம் வருது, அழுகை வருது, பயமா இருக்கு, வெட்கமா இருக்கு. வந்தது போகும், இப்போது இருப்பது கொஞ்ச நேரம் கழித்து இல்லாமலும் போகும். இலக்கணமே அப்படிச் சொல்லிக் கொடுக்கிறது. இந்த நல்ல அமைப்பை நாமே கெடுப்பது ‘கோபக்காரி’, ‘பயந்தாங்கொள்ளி’, ‘அழுமூஞ்சி’, ‘பொறாமை பிடிச்சவ’ போன்ற பட்டங்களால். "அவளுக்குக் கோபம் வந்திருக்கு" என்பதைக் கேட்கிற குழந்தைக்கு அது கடந்து போகும் என்று தெரிகிறது. "அவ ஒரு கோபக்காரி" என்பதைக் கேட்கிற குழந்தைக்கு அது தன் பெயராகவே ஆகிவிடுகிறது. செல்லமாகக்கூட இந்தப் பட்டங்களை வைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, வீட்டில் ஏற்கெனவே திட்டுவதற்குப் பயன்பட்டுப்போன சொற்கள். ‘வெட்கம்’ என்ற சொல்லை ஒரு குழந்தை எங்கே அதிகம் கேட்கிறது? "வெட்கமா இல்ல உனக்கு?" என்ற அதட்டலில். அப்புறம் அது எப்படி "அம்மா, எல்லாரும் பார்த்தப்ப எனக்கு வெட்கமா இருந்துச்சு" என்று வந்து சொல்லும்? பொறாமையும் அப்படித்தான். "பொறாமைப்படக் கூடாது" என்று மட்டுமே அந்தச் சொல் வீட்டில் ஒலித்திருந்தால், தம்பியைக் கொஞ்சும்போது நெஞ்சில் குத்தும் அந்த உணர்வுக்கு அவளிடம் பெயர் இருக்காது, கிள்ளத்தான் தெரியும். இங்கே பெயரைத் தள்ளி வைத்துவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள்: "தம்பியை மடியில வெச்சிருந்தப்ப, நானும் அங்க இருக்கணும்னு ஏக்கமா இருந்துச்சா?" ஏக்கம் என்பது யாரையும் குற்றம் சொல்லாத சொல். அதில் ஆரம்பித்து, ஒரு வருடம் கழித்து ‘பொறாமை’க்கு வந்து சேரலாம்.

‘ஏமாற்ற’த்தில் வேறு ஒரு சிக்கல். குழந்தைக்கு ‘ஏமாத்துறது’ என்றால் விளையாட்டில் கள்ளாட்டம் ஆடுவது. "மழை வந்து வெளிய போக முடியலைன்னு ஏமாற்றமா இருக்கா?" என்று கேட்டால், யார் ஏமாற்றினார்கள் என்று திருப்பிக் கேட்கும். ஒரு நான்கு வயதுப் பையன் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறான். அதிலிருந்து நான் முதலில் "கிடைக்கும்னு நெனச்சது கிடைக்கல, மனசு சப்புன்னு ஆயிடுச்சு" என்றுதான் சொல்கிறேன். பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். ஐந்து வயதுக்கு மிக முக்கியமான சொல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த வயதில் பறக்கும் பொருள்களில் பாதி, கோபத்தால் பறப்பதில்லை. எதிர்பார்த்தது நடக்காமல் போனதால் பறக்கிறது.

அடுத்து, ஒரே கூடையில் எல்லாவற்றையும் அள்ளிப் போடும் சொற்கள். பெரியவர்களான நாமே ‘கஷ்டமா இருக்கு’, ‘டென்ஷனா இருக்கு’ என்ற இரண்டிலேயே நாளை ஓட்டிவிடுகிறோம். பரீட்சைப் பதற்றமும் டென்ஷன், வண்டி வரத் தாமதமானால் வரும் எரிச்சலும் டென்ஷன், உடம்பு சரியில்லாதவரை நினைத்து வரும் கவலையும் டென்ஷன். நல்ல தமிழ்ச் சொல்லாகத்தான் பேச வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. டென்ஷன் என்ற சொல் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லையும் வையுங்கள். "டென்ஷனா இருக்கு, என்ன ஆகுமோன்னு பதற்றமா இருக்கு." வேறு மொழியும் பேசும் வீடு என்றால் குழந்தைக்கு எந்த மொழியில் சொல் முதலில் வாய்க்கு வருகிறதோ அதில் வரட்டும். கோபத்தின் நடுவில் மொழியைத் திருத்துவது மாதிரி வீண் வேலை வேறு இல்லை.

உங்கள் மகளின் "பிடிக்கல"யும் இந்த மாதிரி ஒரு பெரிய கூடைதான், அது அந்த வயதுக்கு இயல்பானதும்கூட. ஷெரி வைடன், ஜேம்ஸ் ரஸ்ஸல் என்ற இருவர் குழந்தைகள் உணர்ச்சிகளை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்று பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். முதலில் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்ற இரண்டே பெட்டிகள். அப்புறம் சந்தோஷம், சோகம், கோபம் என்று பிரிகிறது, பயமும் வியப்பும் அதற்குப் பின்னால், அருவருப்பு கடைசியில். அருவருக்கும் முகத்தைக் காட்டினால் பள்ளிக்கூடம் போகும் வயதுக் குழந்தைகளில்கூட நிறையப் பேர் ‘கோபம்’ என்கிறார்கள். சில உணர்வுகளை முகத்தைக் காட்டுவதைவிட, என்ன நடந்தது என்று கதையாகச் சொன்னால் குழந்தைகள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

அதனால் அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம், ஆனால் அதைவிடக் கதை மேல். படித்துக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த முயலுக்கு இப்ப எப்படி இருக்கும்?" என்று ஒரு தடவை கேட்டால் போதும். பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் கதை செத்துவிடும். இன்னொன்று, உள்ளே இருப்பது முகத்தில் அப்படியே தெரியும் என்று அட்டை சொல்லிக் கொடுக்கிறது. வாழ்க்கையில் அப்படி இல்லை. திட்டும்போது சிரிக்கிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். "திட்டத் திட்டச் சிரிக்கிறான், திமிர்" என்று இன்னும் இரண்டு அடி விழும். அந்தச் சிரிப்பு பெரும்பாலும் பயமும் சங்கடமும் கலந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் முகம் தானாகச் செய்வது. "சிரிப்பு வருது, ஆனா உள்ள பயமா இருக்கு, அப்படித்தானே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் அந்தக் குழந்தை உங்களை ஆயுசுக்கும் நம்பும்.

எந்தப் பெயரைச் சொன்னாலும் கேள்வியாகச் சொல்லுங்கள். "நீ கோபமா இருக்கே" என்பது தீர்ப்பு. "கோபமா, வேற ஏதாவதா?" என்பது அழைப்பு. அவள் மறுக்க இடம் இருக்க வேண்டும். "கோபம் இல்ல, அழுகைதான் வருது" என்று என்றைக்கு உங்களைத் திருத்துகிறாளோ, அன்றைக்கு அந்த இரண்டு சொற்களும் அவளுடையவை. நம் ஊகம் தப்பாகப் போனதற்கு நாம் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. "ஏன் அழுற?" என்று கேட்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஏன் என்பதற்குப் பெரியவர்களாலேயே பதில் சொல்ல முடிவதில்லை. "என்ன ஆச்சு?" என்றால் நடந்ததைச் சொன்னால் போதும், காரணம் தானாக வெளியே வரும்.

நேரம் பார்ப்பது மிக முக்கியம். பெயர் சொன்னாலே உணர்ச்சி அடங்கிவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஓர் ஆய்வு ஆதாரம் உண்டு. 2007-இல் மேத்யூ லிபர்மன் குழுவினர், உணர்ச்சி கொந்தளிக்கும் முகப் படங்களைக் காட்டி அந்த உணர்ச்சிக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளின்போது கிளர்ந்தெழும் அமிக்டாலா என்ற பகுதியின் துடிப்பு குறைவதையும் நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்வதையும் பார்த்தார்கள். முக்கியமான கண்டுபிடிப்புதான். ஆனால் அதில் இருந்தவர்கள் பெரியவர்கள், பார்த்தது படங்களை, அமைதியாக மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுத்திருந்தார்கள். தரையில் புரண்டு கத்துகிற ஐந்து வயதுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. அந்த நேரத்தில் "உனக்குக் கோபமா இருக்கு, இல்ல?" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் கோபம் கூடத்தான் செய்யும். புயலின் நடுவில் பக்கத்தில் உட்காருங்கள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், "இங்கதான் இருக்கேன்" என்பதற்கு மேல் பேச வேண்டாம். மூச்சு சீராகி, தண்ணீர் குடித்து, மடியில் சாய்ந்த பிறகு இரண்டு வாக்கியம். சில நாள் அதுவும் வேண்டாம். படுக்கப் போகும்போது பேசிக்கொள்ளலாம்.

அப்போது ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள்: "கோபம் வந்தது பரவாயில்ல. எறிஞ்சதுதான் கூடாது." பெயர் சொல்வது எல்லாவற்றையும் அனுமதிப்பதாகிவிடுமோ என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்தே வந்தால் அப்படி ஆகாது.

கோபம் என்ற ஒரு சொல் நன்றாகப் பதிந்த பிறகு, அதன் அளவைக் காட்டும் சொற்களுக்குப் போகலாம். அடுப்பில் வைத்த தண்ணீர் குழந்தைக்குப் புரியும். வெதுவெதுப்பாக இருப்பது எரிச்சல், சுடுவது கோபம், கொதித்துப் பொங்குவது ஆத்திரம். எரிச்சல் என்ற சொல் கைவசம் இருக்கும் குழந்தையால் வெதுவெதுப்பிலேயே வந்து சொல்ல முடியும். பொங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் பொருள் பறப்பது குறைய வேண்டுமென்றால் 24 பெயர்களைவிட இந்த மூன்றும், ஏமாற்றமும் போதும் என்பது என் கணிப்பு. ஒரு மாதத்துக்கு ஒரு புதுச் சொல் என்றாலே அதிகம்.

குழந்தையின் உணர்வுகளை மட்டும் பேசினால் அது விசாரணை போல ஆகிவிடும். உங்களுடையதையும் சொல்லுங்கள். "எனக்கு இன்னைக்கு எரிச்சலா இருக்கு. ராத்திரி சரியாத் தூங்கல, உன்னால இல்ல. பத்து நிமிஷம் சும்மா உட்காரப் போறேன்." பெயர், காரணம், என்ன செய்யப்போகிறேன் என்பது, எல்லாம் இதில் வந்துவிட்டது. ‘உன்னால இல்ல’ என்ற இடத்தை விட்டுவிடக் கூடாது. வீட்டில் யார் முகம் வாடினாலும் தன்னால்தான் என்று சின்னக் குழந்தைகள் எடுத்துக்கொள்வார்கள். நம் பெரிய பாரங்களை அதன் மேல் இறக்குவதும் கூடாது. ஐந்து வயது தாங்குகிற அளவு சின்ன எரிச்சல், சின்னக் கவலை போதும்.

பையன்களின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அம்மாக்கள் மகன்களோடு கோபத்தைப் பற்றியும் மகள்களோடு சோகத்தைப் பற்றியும் கூடுதலாகப் பேசும் போக்கை ராபின் ஃபிவுஷ் என்ற ஆய்வாளர் தன் ஆய்வுகளில் கவனித்தார். யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்வதில்லை. ஆனால் சோகத்துக்குச் சொல் கிடைக்காத பையன் அதையும் கோபமாகத்தான் வெளியே காட்டுவான்.

ஏழெட்டு வயதில் புதுக் கதவு ஒன்று திறக்கும். ஒரே நேரத்தில் இரண்டு உணர்வு இருக்கலாம் என்பது பொதுவாக எட்டு வயதை ஒட்டித்தான் தெளிவாகப் புரிகிறது. "அவன் மேல கோபமும் இருக்கு, பாவமாவும் இருக்கு" என்று சொல்லும் பிள்ளை ஒரு பெரிய படியைத் தாண்டியிருக்கிறது. பதின்வயதில் மறுபடி குழம்பும். எரிக் நூக் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உணர்வுகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும் திறன் குழந்தைகளையும் பெரியவர்களையும்விடப் பதின்வயதினரிடம் குறைவாக இருந்தது. ஒரே சமயத்தில் பல உணர்வுகள் மோதும் வயது அது. பெரிய பிள்ளை "தெரியல, விடு" என்றால் அது நிஜமாகவே தெரியாததாக இருக்கலாம்.

பேச்சு தாமதமான, அல்லது ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வாயால் சொல்வது மட்டுமே வழி என்று வைக்காதீர்கள். கையை இவ்வளவு, அவ்வளவு என்று விரித்து அளவு காட்டுவது, படத்தைத் தொடுவது, நிறத்தைக் காட்டுவது எல்லாமே சொல்தான். அவர்கள் தொட்டுக் காட்டும் படப் பலகையைச் சந்தோஷம், சோகம் இரண்டோடு நிறுத்திவிட வேண்டாம்; ‘சத்தம் தாங்கல’, ‘போதும்’, ‘களைப்பு’ ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். தூக்கமும் சாப்பாடும் பல வாரங்களாகக் கெட்டிருந்தால், விளையாட்டே வேண்டாம் என்று ஒதுங்கினால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால், அது சொல் கற்றுக்கொடுப்பதால் தீர்வதல்ல. குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள், தாமதிக்காமல்.

கடைசியாக அந்த "ஒரு மாதிரி இருக்கு". நீங்கள் அதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. உள்ளே ஏதோ இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை, அதை உங்களிடம் வந்து சொல்லவும் செய்கிறாள். "பிடிக்கல, போ" சொல்லும்போது தள்ளுகிறாள். இதைச் சொல்லும்போது கூப்பிடுகிறாள். அடுத்த முறை சொன்னால் செய்கிற வேலையை வைத்துவிட்டு, "எங்க இருக்கு அந்த ஒரு மாதிரி? வயித்திலயா, நெஞ்சிலயா?" என்று கேளுங்கள். அவள் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். அங்கே உங்கள் கையை வைத்து, "எப்ப வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.